வாவிக்கரைப் பெண்களும் வாய்திறக்காத நோயும்

பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். “மர்ம வியாதிகளுக்கு உடனடி நிவாரணம்” என்று அறிவிக்கும் வைத்தியர்கள் அனைவரும் ஆண்களையே அழைத்தார்கள். அந்த ஆண்களின் மனைவியருக்கு என்ன வைத்தியம் என்பது எந்த விளம்பரத்திலும் இல்லை. செய்திப் பக்கங்களிலும் இதே நிலைதான். பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகளைக் கழித்த நான், பாலியல் நோய் என்ற சொல் தலைப்பில் வராமல் பார்த்துக்கொள்வதையே பண்பாடு என்று கருதிய ஆசிரியபீடங்களை அறிவேன். பேசாதிருந்ததால் நோய் குறையவில்லை. பழி மட்டும் பெண்ணின் தலையில் தங்கிவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து அந்தப் பழியின் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயின் பெயரைப் பார்ப்போம். மனிதர்கள் வெட்கப்படும் நோய்க்கு அயலாரின் பெயரைச் சூட்டுவது உலக வழக்கம். ஐரோப்பாவில் சிபிலிஸ் நோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் அதையே நேப்பிள்ஸ் நோய் என்றனர். 16ஆம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய ‘பாவப்பிரகாசம்’ என்ற ஆயுர்வேத நூல் அதனைப் பிரங்க ரோகம் என்று குறித்தது. பறங்கியர் கொண்டுவந்த நோய் என்பதே அதன் பொருள். இலங்கையிலோ பறங்கி என்ற பெயர் வேறொரு நோயின்மேல் ஏறியது. உலர்வலயக் கிராமங்களில் ஏழைக் குடியானவர்களையும் அவர்களது பிள்ளைகளையும் வாட்டிய தோற்புண் நோய் அது. இலங்கையின் பிரதான சிவில் மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி 1881இல் பறங்கி நோய் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்குச் சமர்ப்பித்தார். அந்நோயின் கிருமியை 1905இல் கொழும்பில் கண்டறிந்தவர் அல்டோ கஸ்தெல்லானி. சிபிலிஸ் கிருமிக்கு உறவினமாயினும் அது பாலுறவால் பரவுவதன்று. வறுமையும் நெருக்கடியும் நீர்த்தட்டுப்பாடும் உள்ள இடங்களில் தோலோடு தோல் பட்டுப் பரவுவது. பசியின் நோய் ஒன்றுக்கு ஒழுக்கக்கேட்டின் வாடை வீசும் பெயர் கிடைத்தது இப்படித்தான்.

ஹேர்ப்பீஸ் நோய்க்குத் தமிழில் இந்த அளவு பெயர்கூடக் கிடைக்கவில்லை. அக்கி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதன் உறவுக்கார வைரஸ் ஒன்றினால் உடலின் ஒரு பக்கத்தில் தோன்றும் கொப்புளங்களைத்தான். பிறப்புறுப்பில் வருகின்ற ஹேர்ப்பீஸ், மேகநோய் என்ற பெரிய மூட்டைக்குள் மற்ற நோய்களோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது. மேனாட்டிலும் அதன் வரலாறு நீண்டதன்று. பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்துருக் 1736இல் அதனை விவரித்தார். வைரஸில் இரு வகைகள் உண்டு என்பது 1960களில்தான் உறுதியாயிற்று. இரண்டையும் பிரித்தறியும் இரத்தப் பரிசோதனை அதற்கும் வெகுகாலம் பிந்தியது. ஆகவே நமது பாட்டிமார் காலத்தில் இந்நோய் எத்தனை பேருக்கு இருந்தது என்று சொல்லும் ஏடு எதுவும் இருக்க முடியாது.

பெயர் இல்லாவிட்டாலும் தண்டனை இருந்தது. பிரித்தானியாவில் 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறிய தொற்றுநோய்ச் சட்டங்கள், படைவீரர்களைப் பால்வினை நோயிலிருந்து காப்பதற்காகப் பெண்களைப் பிடித்துக் கட்டாயப் பரிசோதனை செய்யவும், நோய் இருந்தால் அடைத்துவைக்கவும் அதிகாரம் அளித்தன. படைவீரனை எவரும் அடைத்துவைக்கவில்லை. இலங்கையில் 1867இலும் இந்தியாவில் 1868இலும் இதே பாணியில் சட்டங்கள் வந்தன. ஜோசபின் பட்லர் தலைமையில் நடந்த நெடிய போராட்டத்தின் பின்னர் பிரித்தானியா 1886இல் அச்சட்டங்களை நீக்கியது. ஆனால் நோய் என்றால் பெண்ணைப் பிடி என்ற மனப்பான்மை சட்டத்தோடு நீங்கவில்லை. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும் பின்வந்த தலைமுறைகளிலும் பெண்கள்மீதே பெரிதும் பாய்ந்தன.

இனி இன்றைய அறிவியல் சொல்வதைக் கேட்போம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2016இல் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 49 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை ஹேர்ப்பீஸ் வைரஸ் இருந்தது. அவர்களில் பெண்கள் 31 கோடிக்கும் மேல். ஆண்கள் 18 கோடிக்குச் சற்றுக் குறைவு. பெண்கள் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு முதற்காரணம் உடலமைப்பு. இவ்வைரஸ் பெண்ணிடமிருந்து ஆணுக்குச் செல்வதைவிட ஆணிடமிருந்து பெண்ணுக்கு எளிதாகச் செல்கிறது. தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் தெரிவதில்லை. தெரியாமலே மற்றவருக்குக் கொடுக்கிறார்கள். உடலமைப்புக்கு அப்பால் சமூகக் காரணிகளும் உண்டு என்று பல நாடுகளின் ஆய்வுகள் கூறுகின்றன. வயது, குறைந்த கல்வி, வறுமை, இளவயது மணம், துணையை இழத்தல் அல்லது பிரிதல், கணவனுக்கு வேறு உறவுகள் இருத்தல் என்பன அவற்றுள் முக்கியமானவை. இப்பட்டியலில் பெண் தானே தேர்ந்துகொண்டது எது என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாவிக்கரையில் இக்காரணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் முதலில் சொல்லத்தக்கது பெண்ணுக்குப் பாதுகாப்பாக அமைந்த ஒன்று. மட்டக்களப்பு தாய்வழிக் குடிமரபின் நாடு. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் தொகுத்து வெளியிட்ட முக்குவர் சட்டம், சொத்து பெண்வழியே இறங்கிய முறையைக் காட்டுகிறது. அதே 1876இல் வந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தொடர்ந்தது. இதன் பயன் பெரிது. நோயுற்ற மனைவியைப் “பிறந்தகத்துக்குப் போ” என்று துரத்தும் கொடுமை பிற இடங்களில் எளிது. இங்கே வீடு அவளுடையது. கூப்பிடு தூரத்தில் தாயும் சகோதரிகளும் இருக்கிறார்கள். “இது எங்கிருந்து வந்தது?” என்று கணவனைக் கேட்கும் துணிவு, காலடியில் சொந்த நிலம் உள்ளவளுக்கே வரும்.

அந்த நிலத்தை யுத்தமும் கடலும் அசைத்தன. பெற்ற பிள்ளையைப் படையணிக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற அச்சத்தில் பதினைந்து, பதினாறு வயதிலேயே பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பெற்றோர் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்தனர். பள்ளிப் படிப்பு அங்கேயே நின்றுபோனது. யுத்தம் முடிந்தபின் 2010இல் அரச தரப்பு வெளியிட்ட கணக்கின்படி வடக்கு, கிழக்கின் யுத்த விதவைகள் ஏறத்தாழ 89,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கைச் சேர்ந்தவர்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி நாவலடியிலும் கல்லடியிலும் கடல் கொண்டுபோன வீடுகளில் பல, தாய் மகளுக்குக் கொடுத்த வீடுகள். புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் ஆவணங்கள் பெரும்பாலும் கணவன்மாருக்குப் போயின. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. அன்று அது காணிப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. அது உடல்நலப் பிரச்சினையும்கூட என்பதே என் எண்ணம். சொந்த வீட்டில் கேள்வி கேட்கக்கூடிய பெண், பிறர் பெயரில் உள்ள வீட்டில் வாய்மூடி இருந்துவிடுவாள்.

படுவான்கரைக்கு இன்னொரு சுமையும் இருந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து நகர வைத்தியசாலைக்கு வர வாவியைக் கடக்க வேண்டும். மண்முனைத்துறையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். அதுவரை தோணிக்கும் பாதைக்கும் காத்திருந்த பெண், உயிர்போகும் நோய்க்கு வருவாளேயன்றி, சொல்லவே கூசும் புண்ணுக்கு வருவாளா?

இவற்றோடு மத்திய கிழக்குப் பயணத்தையும் சேர்க்க வேண்டும். 1980களிலிருந்து இப்பிரதேசத்துப் பெண்கள் வீட்டுப் பணிக்காக அங்கே போகிறார்கள். போகுமுன் அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. ஊரிலிருக்கும் பெண் கருவுற்றால் சிபிலிஸுக்கும் எச்.ஐ.விக்கும் இரத்தம் சோதிக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மை பெரிது. தாயிடமிருந்து சேய்க்கு இவ்விரு நோய்களும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெண்ணின் இரத்தம் வாழ்நாளில் பலமுறை சோதிக்கப்படுகிறது. கணவனின் இரத்தம் அப்படிச் சோதிக்கப்படுவதில்லை. முதலில் கண்டுபிடிக்கப்படுபவள் முதலில் நோயுற்றவளாகக் கருதப்படுகிறாள். “வெளிநாட்டுக்குப் போனவள்தானே” என்ற ஒரு வசனத்தோடு ஊர் விசாரணை முடிந்துவிடுகிறது.

இந்த ஊர்த்தீர்ப்பு எவ்வளவு பிழையானது என்பதைச் சென்னையில் எச்.ஐ.வி தொற்றிய பெண்களிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். வாழ்நாளில் கணவன் ஒருவனை மட்டுமே அறிந்தவர்கள். நோய் வேறாயினும் வழி ஒன்றுதான். கற்பு நோய்க்குத் தடுப்பூசி அன்று.

ஹேர்ப்பீஸ் உயிரைக் குடிக்கும் நோயன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வைரஸை உடலிலிருந்து முற்றாக நீக்கும் மருந்து இல்லை. ஆயினும் 1970களில் உருவான அசைக்ளோவிர், புண்களை விரைவில் ஆற்றுகிறது. தொடர்ந்து எடுத்தால் அவை திரும்ப வருவதையும் குறைக்கிறது. அம்மருந்துக்கு வழிசமைத்த ஆய்வாளர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி 1988இல் நோபெல் பரிசு பெற்றார். இந்நோயுள்ள பெண் பிள்ளை பெறலாம். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் புதிதாகத் தொற்றினால்தான் சிசுவுக்கு ஆபத்து மிகுதி. ஆகவே மருத்துவிச்சியிடமோ வைத்தியரிடமோ மறைக்கலாகாது. அரச வைத்தியசாலைகளின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் கட்டணமின்றி, இரகசியம் காத்து மருத்துவம் செய்கிறார்கள்.

அங்கே மனைவி தனியாகப் போவதும், கணவன் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருப்பதும் மாற வேண்டும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரனை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் சோதித்தது. அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து போய் நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நமது வீடுகளில் அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது.