கல்யாணமே ஆகலை... மார்பில் பால் கசிவது ஏன்?

உள்ளாடையில் வெள்ளையாக ஈரம் பட்டதும் பல பெண்களுக்கு முதலில் வருவது புற்றுநோய் பயம். அடுத்தது, அம்மாவிடம் சொன்னால் என்ன நினைப்பாங்களோ என்ற பயம். கர்ப்பம் இல்லாமலும் பால் கசியலாம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, புரோலாக்டின் ஹார்மோனை அதிகமாகச் சுரப்பது முக்கியக் காரணம். அது கூடினால் மாதவிடாயும் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றேவிடும்.

ஏன் கூடுகிறது? தைராய்டு குறைவு, பிட்யூட்டரியில் வரும் சின்னக் கட்டி (பெரும்பாலும் புற்றுநோய் அல்ல), சில மனநல மருந்துகள். பலரும் கவனிக்காத ஒன்று, நெஞ்செரிச்சலுக்கும் வாந்திக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடும் சில மாத்திரைகளில் இருக்கும் டோம்பெரிடோன். டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திடாதீங்க.

வருதா இல்லையான்னு அடிக்கடி அழுத்திப் பார்ப்பதும் கசிவைத் தூண்டும்.

முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். தப்பாக நினைக்க வேண்டாம், வழக்கமான நடைமுறைதான். பிறகு புரோலாக்டின், தைராய்டு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. பிட்யூட்டரி கட்டி என்றாலும் பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

ரத்தம் கலந்து வந்தாலோ, ஒரே மார்பில் தானாகக் கசிந்தாலோ, மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ உடனே டாக்டரைப் பாருங்க.