வருவாய் போதுமா? – ஒரு கணக்கின் வரலாறு

பிறந்த மண்ணை விட்டு வந்து மாத ஊதியத்தால் வாழும் குடும்பங்களில் திங்கள்தோறும் எழும் கேள்வி ஒன்றுண்டு. வரும் சம்பளம் வாழ்க்கைக்குப் போதுமா என்பதே அது. நிலத்தை நம்பி வாழ்ந்த நம் முன்னோர் இதனை ஆண்டுக்கு ஓரிரு முறையே, அறுவடை முடிந்து நெல் பத்தாயத்தில் ஏறிய பின்னரே கேட்டனர். ஆலையும் அலுவலகமும் தோன்றிய பின்னர்தான் இது மாதக் கேள்வியாயிற்று.

வருவாயின் வழி சிறிதாயினும் செலவின் வழி அகலாதவரை கேடில்லை என்ற கருத்தை வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். பொருட்பாலில், அரசனை முன்னிறுத்தி உரைத்த அறிவுரை அது. செலவைக் குறைக்க இடமுள்ளவனுக்கு அது பொருந்தும். அரிசியையும் அடுப்புக் கரியையும் குறைத்தால்தான் கணக்கு நேராகும் என்னும் நிலையில் உள்ளவனுக்கு என்ன சொல்வது? அவனுடைய வருவாய் போதுமானது என்று தீர்ப்பளிப்பவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு?

இந்தியாவில் இவ்வளவுகோல் உருவான வரலாறு சுமார் 150 ஆண்டுகளைக் கொண்டது. அதனை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும். வருவாய் போதுமா என்று கணக்கிட்டவர் அனைவரும், வாழ்க்கை என்பதில் எவற்றைச் சேர்ப்பது, குடும்பம் என்பதில் எவரைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்துகொண்டனர். விடையைத் தீர்மானித்தது பெரும்பாலும் அம்முடிவே.

சிறையும் கப்பலும் தந்த அளவு

1876-ஆம் ஆண்டில் பம்பாயில், கிழக்கிந்தியச் சங்கத்தின் கிளையில், தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமை குறித்த தம் கட்டுரைகளைப் படித்தார். அரசாங்கத்தின் அறிக்கைகளைக் கொண்டே, பிரிட்டிஷ் இந்தியாவில் தலைக்கு ஆண்டு வருவாய் ஏறத்தாழ 20 ரூபாய் என்று கணக்கிட்டிருந்தார். 20 ரூபாய் ஓர் உயிருக்குப் போதுமா என்று காட்ட அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அவர் கண்டெடுத்தவை இரண்டு. ஒன்று, கடல் கடந்து செல்லும் கூலிகளுக்குக் கப்பலில் வழங்குவதற்காக அரசாங்க மருத்துவர் வகுத்த உணவுப் பட்டியல். உழைப்பின்றி அமைதியாக இருக்கும் உடலுக்கு வேண்டிய அளவே அது. மற்றொன்று, சிறைக் கைதிக்கு உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவு. உயிர் தாங்கும் எல்லையாக அவர் கண்டது ஆண்டுக்கு ஏறத்தாழ 34 ரூபாய். சென்னை மாகாணத்தில் இந்த இடைவெளி மிகவும் பெரிது. கைதிக்கு ஆகும் செலவு 50 ரூபாயைக் கடந்திருக்க, தலைக்கு விளைந்த பொருளின் மதிப்பு 20 ரூபாயை எட்டவில்லை.

அக்காலத்தில் மொரீசியஸுக்கும் நேட்டாலுக்கும் கப்பல் ஏறியவர்களுள் தமிழர் பலர். ஆக, இந்திய வாழ்க்கைச் செலவுக் கணக்கின் தொடக்கத்திலேயே ஊரைவிட்டுச் சென்றவனின் சோற்றளவு இடம்பெற்றுவிட்டது எனலாம். ஆனால் கப்பலில் இருந்தவன் அப்பட்டியலில் தனியன். ஊரில் அவனை எதிர்பார்த்திருந்தோருக்கு அதில் இடமில்லை.

பம்பாயின் குடும்பக் கணக்கு

முதல் உலகப் போரின்போது விலைகள் ஏறின, வேலைநிறுத்தங்கள் மலிந்தன. 1921-இல் பம்பாயில் தொழிலாளர் அலுவலகம் நிறுவப்பட்டது. 1914 ஜூலை விலைகளை 100 எனக் கொண்டு வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணை அது வெளியிடலாயிற்று. ஃபின்ட்லே ஷிராஸ் தலைமையில் 1921-22-இல் நடந்த விசாரணை, 2,473 தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவையும், தனித்து வாழ்ந்த 603 ஆடவரின் வரவு செலவையும் திரட்டியது. குடும்பத்தின் சராசரி மாத வருவாய் 52 ரூபாய் சொச்சம். அதில் உணவுக்கு மட்டும் நூற்றுக்கு 57 பங்கு போயிற்று. ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் கடனில் இருந்தன.

அவ்வறிக்கையில் பெரிதும் பேசப்பட்ட செய்தி வேறொன்று. ஆலைத் தொழிலாளி உண்ட தானியத்தின் அளவு, பஞ்ச நிவாரண விதிகள் அனுமதித்த உச்ச அளவை ஒத்திருந்தது. பம்பாய்ச் சிறை விதிகள் கைதிக்கு வகுத்த அளவினும் குறைவாக இருந்தது. நௌரோஜி கையாண்ட அளவுகோல் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் பொருந்தி நின்றது. பின்னாளில் விலையேற்றத்திற்காக வழங்கிய படியை நம் தொழிலாளர் 'பஞ்சப்படி' என்றே அழைத்தனர். அகவிலைப்படி என்னும் சொல்லைவிட அப்பழைய சொல்லில் வரலாறு மிகுதி.

அவ்விசாரணை செய்த நற்செயல் ஒன்றை நாம் மறத்தலாகாது. சராசரிக் குடும்பத்தில் உடன் வாழ்ந்த 4.2 பேருக்கு அப்பால், வேற்றூரில் இருந்துகொண்டு அக்குடும்பத்தை நம்பி வாழ்ந்தோரையும் அது தனியே எண்ணிக் காட்டியது. பிழைப்பு நாடி வந்தவர்களின் நகரத்தில் இதனை விட்டால் கணக்கு நேராகாது என்று அன்றைய கணக்காளர் உணர்ந்திருந்தனர்.

குறியீட்டெண்ணின் குறையும் அதே நகரில்தான் வெளிப்பட்டது. 1933-34-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் 1960-களிலும் பம்பாயில் பஞ்சப்படியைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. கடைவீதியில் விலை ஏற, எண் மட்டும் ஏறவில்லை என்று தொழிலாளர் முறையிட்டனர். 1963-இல் நகரமே கிளர்ச்சி கண்டது. பொருளியலறிஞர் லக்டவாலா தலைமையில் மகாராட்டிர அரசு அமைத்த குழு, எண் குறைவாகவே கணக்கிடப்பட்டு வந்ததை ஒப்பியது. ஒரு தலைமுறைக்கு முந்திய குடும்பத்தின் கூடையைக் கொண்டு இன்றைய குடும்பத்தின் செலவை அளந்தால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று. 'வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்' என்னும் பெயர் 'நுகர்வோர் விலைக் குறியீட்டெண்' என மாறியதும் பொருத்தமே. குறித்த கூடையின் விலை ஏறியதா என்பதை மட்டுமே அது சொல்லும். அக்கூடை வாழ்வுக்குப் போதுமா என்று அது சொல்வதில்லை.

குன்னூரிலிருந்து புதுதில்லிக்கு

அவ்வினாவுக்கு விடை தேடியோர் நீலகிரியை நோக்கினர். குன்னூரில் இருந்த உணவாய்வுக் கூடத்தின் இயக்குநராக 1935 முதல் 1945 வரை பணியாற்றியவர் வாலஸ் அய்க்ராய்ட். கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை முதலிய நம் உணவுகளின் சத்தைப் பிரித்தறிந்து அட்டவணைப்படுத்திய பணியில் அவர் பெயர் நிலைத்தது. நடுத்தர உழைப்புள்ள இந்தியனுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி வேண்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் கணக்கு.

1957 ஜூலையில் புதுதில்லியில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவையை ஒட்டிய குறைந்தபட்ச ஊதியத்திற்கு இக்கணக்கையே அடிப்படையாக ஏற்றது. கணவனுக்கு 1, மனைவிக்கு 0.8, இரு குழந்தைகளுக்கு 0.6 வீதம் 1.2, ஆக மொத்தம் 3 நுகர்வு அலகுகள். துணி தலைக்கு ஆண்டுக்கு 18 கெஜம், நால்வருக்கு 72 கெஜம். வாடகைக்கு அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்ட விகிதம். எரிபொருள், விளக்கு, பிற செலவுகளுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு. மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பதும் அதன் விதி. ஒருவர் உழைப்பில் ஒரு குடும்பம் மானத்தோடு வாழ வேண்டும் என்பதே அதன் கருத்து.

முன்னாளைய அளவுகளோடு ஒப்பிட இது பெரியதோர் ஏற்றம். சிறைக்கூடத்தை விட்டு அளவுகோல் வீட்டுக்கு வந்தது. ஆயினும் அவ்வீட்டில் முதியோருக்கு அலகு இல்லை.

ஊதியக் குழுக்களும் உச்சநீதிமன்றமும்

நம்மவரில் பலர் தில்லிச் செயலகங்களிலும் இரயில்வேயிலும் அஞ்சல் துறையிலும் பணியேற்றுக் குடிபெயர்ந்தவர்கள். ஆதலின் மத்திய ஊதியக் குழுக்களின் வரலாறு நம் வீட்டு வரலாறுமாகும். சீனிவாச வரதாச்சாரியார் தலைமையிலான முதற்குழு 1947-இல் கடைநிலை ஊழியருக்குப் படி உட்பட 55 ரூபாய் என்றது. 1959-இல் அறிக்கை அளித்த இரண்டாம் குழு, மாநாட்டின் வரையறையை ஏற்றால் 125 ரூபாய் அளவில் ஆகும் எனக் கண்டும், நாட்டின் பொருள்வளம் இடந்தராது என்று 80 ரூபாயோடு நின்றது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் நடத்திய வேலைநிறுத்தத்திற்கும், 1968 செப்டம்பர் 19-இல் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்திற்கும் தேவைக்கேற்ற ஊதியமே முதன்மைக் கோரிக்கை.

1991-இல் உச்சநீதிமன்றம் இக்கணக்கில் ஒரு வரி சேர்த்தது. சென்னையில் இருந்த ரெப்டகாஸ் பிரெட் ஆலைத் தொழிலாளரின் பஞ்சப்படி வழக்கில், குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பொழுதுபோக்கு, விழாக்கள், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு வேண்டும் என்று அது கூறியது. தீபாவளியும் திருமணமும் வீண் செலவல்ல, வாழ்வின் பகுதி என்பதற்கு அன்று சட்டத்தின் ஏற்பு கிடைத்தது. 2016 முதல் நடைமுறைக்கு வந்த 18,000 ரூபாய்க் குறைந்தபட்ச ஊதியத்தையும் ஏழாவது ஊதியக் குழு 1957-இன் வரையறையைக் கொண்டே கணித்தது.

கூடையும் மாறிவருகிறது. தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணில் உணவின் பங்கு 1982 அடிப்படையில் 57 விழுக்காடாக இருந்து, 2001-இல் 46 ஆகி, 2016 அடிப்படையில் 39 ஆயிற்று. வீட்டு வாடகை, பள்ளி, மருத்துவம், போக்குவரத்து ஆகியவை அவ்விடத்தைப் பிடித்துள்ளன. 2019-இல் அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு கலோரியை 2,400 ஆகக் குறைத்தும், அலகுகளை 3-லிருந்து 3.6 ஆக உயர்த்தியும் பரிந்துரைத்தது. அலகுகள் எத்தனை என்பது 60 ஆண்டுகளுக்குப் பின்னும் முடியாத வழக்காகவே இருந்தது.

கணக்கில் வராத குடும்பம்

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். மாதுங்காவிலும் தாராவியிலும் கரோல்பாகிலும் வாழத் தொடங்கிய தமிழ்க் குடும்பத்திற்கு இரண்டு அடுப்புகள் இருந்தன. ஒன்று இங்கே, மற்றொன்று தஞ்சையிலோ நெல்லையிலோ. 1880-இல் அஞ்சலகங்கள் தொடங்கிய மணியார்டர் முறை அவ்விரண்டையும் இணைத்தது. சம்பளம் வந்ததும் முதற்செலவு அதுவே. பின்னர்தான் வாடகையும் மளிகையும்.

மாநாட்டின் அலகைக் கொண்டே இதனை எண்ணிப் பார்ப்போம். இங்குள்ள கணவன், மனைவி, இரு குழந்தைகளுக்கு 3. ஊரில் தந்தைக்கு 1, தாய்க்கு 0.8. மணமாகாத தங்கை ஒருத்தி இருப்பின் மேலும் 0.8. மொத்தம் 5.6. மூன்று அலகுக்கு வகுத்த ஊதியத்தில் ஏறத்தாழ இரு மடங்கு அலகுகள் வாழ வேண்டியிருந்தன. வாடகையோ புதிதாய் வருபவனுக்கு என்றும் மிகுதி. பழைய குடியிருப்போர் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் இருக்க, வந்தேறியவன் முன்பணமும் 'பகடி'யும் தேட வேண்டியிருந்தது. இரண்டையும் கலந்த சராசரியில் அவனுடைய சுமை தெரிவதில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர் யார்? அப்பளம் இட்டும், பாட்டுச் சொல்லிக் கொடுத்தும், சீட்டுக் கட்டியும், தம் தட்டில் குறைத்துக்கொண்டும் நம் பெண்டிர் நிரப்பினர். அவர்களின் சம்பாத்தியத்தைச் சேர்க்கலாகாது என்றது விதி. சேர்க்காமல் நடக்கவில்லை வாழ்க்கை. மாதக் கடைசியில் கை சுருங்கிய வீட்டைச் சிக்கனம் அறியாத வீடு என்று உலகம் எளிதில் பேசிவிடும். அது சிக்கனக் குறையன்று. எவரும் எண்ணாமல் விட்ட மூன்று உயிர்களின் சோறு.

இவற்றுக்கெல்லாம் சான்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. பழைய வரவு செலவுக் குறிப்பேடுகள், மணியார்டர் இரசீதுகள், மளிகைச் சிட்டைகள் ஆகியவை பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. 1921-இல் பம்பாய் அலுவலகம் வீடு வீடாகச் சென்று கேட்டறிந்த செய்தியை, நம் பாட்டிமாரும் தாய்மாரும் நாள்தோறும் எழுதி ஐந்தொகை போட்டு வைத்துள்ளனர். அவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போடாமல் சங்க நூலகத்தில் ஒப்படைத்தால், எந்த மாநாடும் ஊதியக் குழுவும் எண்ணாத நம் குடும்பங்களின் உண்மைக் கணக்கை நாமே எழுதலாம். வாழ்ந்த ஊதியம் போதுமானதாக இருந்ததா என்னும் வினாவுக்கு அவ்வேடுகளே முறையான விடை கூறும்.