பெய்ரூத் கல்லூரி இழந்த ஆசிரியர்



"சேர், கூர்ப்புப் பாடத்துக்கு விடை எழுதினா ஈமானுக்குப் பிரச்சினை வராதா?" உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. இதே கேள்விக்காகக் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்ட ஒரு வரலாறு இருக்கிறது.

1866இல் அமெரிக்க புரட்டஸ்தாந்து மிஷனரிமார் பெய்ரூத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். இன்றைய பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதுதான். 1882 ஜூலையில் அதன் பட்டமளிப்பு விழாவில் பேராசிரியர் எட்வின் லூயிஸ் அரபியில் உரையாற்றினார். மூன்று மாதங்களுக்கு முன் இறந்திருந்த டார்வினின் ஆய்வு முறையை அதில் பாராட்டினார். லூயிஸ் நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். ஆனாலும் நிர்வாகம் கொதித்தது. அவர் பதவி விலக நேர்ந்தது.

மருத்துவ மாணவர்கள் வகுப்புகளைப் பகிஷ்கரித்தார்கள். பலர் இடைநிறுத்தப்பட்டார்கள். அவர்களில் ஜுர்ஜி ஸைதான் கெய்ரோ சென்று, 1892இல் 'அல்-ஹிலால்' சஞ்சிகையை ஆரம்பித்தார். எதிர்ப்புத் தெரிவித்து இராஜினாமா செய்தவர்களில் கொர்னேலியஸ் வான் டைக்கும் ஒருவர். பைபிளின் அரபு மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுத்தவரே அவர்தான்! அவருடைய மார்க்கப் பற்றை யார் சந்தேகிக்க முடியும்?

அமெரிக்காவிலும் இதே பிளவுதான். இறையியல் அறிஞர் சார்ள்ஸ் ஹொட்ஜ் 1874இல், டார்வினின் கொள்கை நாத்திகமே என்று எழுதினார். படைப்பில் திட்டமே இல்லை என்றாகிவிடுமே என்பது அவருடைய அச்சம். ஹாவர்ட் தாவரவியலாளர் ஏசா கிரேயும் கிறிஸ்தவர்தான். உயிரினங்கள் படிப்படியாக மாறி வந்திருந்தாலும் திட்டமிட்டவன் இல்லாமல் போவதில்லை என்றார் அவர். இருவர் கையிலும் இருந்தது ஒரே வேதம்.

பெய்ரூத் சம்பவம் நடந்து ஆறு வருடங்களின் பின், பக்கத்து திரிப்போலி நகரின் ஆலிம் ஹுஸைன் அல்-ஜிஸ்ர் 'அர்-ரிஸாலா அல்-ஹமீதிய்யா' என்ற நூலை எழுதினார். படைத்தவன் அல்லாஹ் என்பதில் அவர் கொஞ்சமும் அசையவில்லை. அன்று முன்வைக்கப்பட்ட ஆதாரங்கள் போதும் என்று ஒப்புக்கொள்ளவுமில்லை. ஆனால் மறுக்கமுடியாத ஆதாரம் வந்தால் வசனங்களை அதனுடன் இணக்கமாக விளங்கிக்கொள்ள இடமுண்டு என்றார். பதற்றமில்லாத பதில்!

லூயிஸை அனுப்பியதோடு பெய்ரூத்தில் கேள்வி அடங்கவில்லை. கல்லூரிதான் நல்ல ஆசிரியர்களையும் மாணவர்களையும் இழந்தது. பெற்றோரே, உலமாக்களே, கேள்வி கேட்கும் பிள்ளையை நாங்கள் அதட்டி அனுப்பினால் அது கேள்வியை விட்டுவிடாது. எங்களிடம் கேட்பதைத்தான் விட்டுவிடும்.

வல்லாஹு அஃலம்.