வைட்டமின் குறைபாடும் மனநலமும்

பி1, நியாசின், ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை உடலில் குறையும்போது மறதி, குழப்பம், சோர்வு, மனச்சோர்வு முதலியன தோன்றலாம். இந்தத் தொடர்பை உணர்த்திய ஆய்வுகளில் சில தென்னிந்தியாவில் நடந்தவை.

பி1 குறைவால் வரும் குழப்பத்தையும் மறதியையும் மருத்துவர்களான வெர்னிக்கே 1881இலும் கோர்சகோவ் 1887இலும் விவரித்தனர். வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அதே குறைவின் மற்றொரு முகமான பெரிபெரி, தீட்டிய பச்சரிசி உண்ட பழைய சென்னை மாகாணத்தின் ஆந்திரக் கடலோரத்தில் பரவியிருந்தது. அதை ஆராய 1918இல் மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் தொடங்கிய பணியே பின்னாளில் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் பெரிபெரி அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுதும் போகாது. கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டுப் பக்கம் அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் கிளறிக் காயவைத்த பெண்கள், தாம் அறியாமலே பல தலைமுறைகளின் நரம்புகளைக் காத்திருக்கிறார்கள்.

சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து ஆய்வாளர் சி. கோபாலன், சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட தக்காண மக்களிடம் நியாசின் குறைபாட்டு நோயான பெல்லாக்ரா வருவதை ஆராய்ந்தார். தோல் கருத்து வெடிக்கும் இந்நோயில் மனமும் கலங்கும்.

நெஞ்சை உலுக்கும் சான்று வேலூருடையது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962இல் ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினர். தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைகள். கற்றிருந்ததை மறந்து, எதிலும் நாட்டமின்றிக் கிடந்தன. தோல் கருத்தது, கைகால்கள் தாமாக அசைந்தன. தாய்மாருக்கே பி12 குறைவு, அதனால் பாலிலும் குறைவு. பி12 கொடுத்ததும் குழந்தைகள் விரைவில் தேறின. மந்த புத்தி என்று கைவிடப்படக்கூடிய பிள்ளையை ஒரு வைட்டமின் மீட்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எல்லா மனச்சோர்வும் வைட்டமின் குறைவால் வருவதல்ல. மாத்திரை மட்டும் தீர்வுமல்ல. ஆனால் முதியவரின் மறதிக்கு வயதைக் காரணம் சொல்லுமுன் பி12 அளவைப் பார்ப்பது அவசியம். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், பி12 இல்லாமல் நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும். மதுவுக்கு அடிமையானவர் குழப்பத்தோடு வந்தால், குளுக்கோஸ் ஏற்றுமுன் பி1 ஊசி போடுகிறார்கள்.