தொழில் திரட்சி

தொழில் திரட்சி என்பது ஒரே வகையான அல்லது ஒன்றையொன்று சார்ந்த தொழில்கள் ஒரு நிலப்பகுதியில் நெருக்கமாகக் கூடி அமைவதைக் குறிக்கும். இது தொழிலகப் புவியியலின் அடிப்படைக் கருத்துருக்களுள் ஒன்றாகும். திருப்பூரின் பின்னலாடை, சிவகாசியின் பட்டாசு, ஆம்பூர் மற்றும் வாணியம்பாடியின் தோல் பதனிடுதல், காஞ்சிபுரத்தின் பட்டு நெசவு ஆகியன தமிழ்நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டுகள். இவற்றுள் காஞ்சிபுரம், மூலப்பொருள் எதுவும் அருகில் கிடைக்காத ஊரில் ஒரு தொழில் எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதை விளக்க உதவுகின்றது.

கோட்பாடு

ஒரு தொழில் எங்கே அமையும் என்னும் வினாவுக்குச் செருமானியப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபர் 1909 இல் வெளியிட்ட நூலில் விடை தந்தார். அவரது கோட்பாட்டில் போக்குவரத்துச் செலவு முதன்மையானது. உற்பத்தியின்போது பெருமளவு எடை இழக்கும் மூலப்பொருளைப் பயன்படுத்தும் தொழில், அப்பொருள் கிடைக்கும் இடத்தை நாடும். சர்க்கரை ஆலைகள் கரும்பு வயல்களுக்கு அருகில் அமைவது இதனாலேயே ஆகும். கூலி மலிவாக உள்ள இடமும், தொழில்கள் கூடியிருப்பதால் கிடைக்கும் நன்மையும் இவ்வமைவிடத்தை மாற்றக்கூடும் என்பதையும் வெபர் ஏற்றுக்கொண்டார்.

இவருக்கு முன்னரே இங்கிலாந்துப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல், 1890 இல் வெளிவந்த தமது நூலில் திரட்சியின் நன்மைகளை விளக்கியிருந்தார். அவை மூன்று வகைப்படும்.

1. தேர்ச்சி பெற்ற தொழிலாளர் ஒரே இடத்தில் கிடைத்தல்.
2. துணைத்தொழில்கள் அருகிலேயே வளர்தல்.
3. தொழில் நுணுக்கங்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் பரவுதல்.

காஞ்சிபுரத்தில் திரட்சி

காஞ்சிபுரம் நெசவுக்குத் தேவையான மல்பெரிப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடக மாநிலத்திலிருந்து வருகின்றது. சரிகையின் முதன்மை உற்பத்தி மையமான சூரத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் குசராத்தில் உள்ளது. எனினும் பட்டும் சரிகையும் எடை குறைந்து விலை மிகுந்த பொருட்கள். ஒரு சேலைக்குத் தேவையானவற்றை ஒரு சிறு பையில் எடுத்துச் செல்லலாம். ஆகவே இத்தொழிலில் போக்குவரத்துச் செலவு அமைவிடத்தைத் தீர்மானிப்பதில்லை; கைத்திறனே தீர்மானிக்கின்றது.

ஒரு சேலை உருவாவதில் நெசவாளர் தவிர வேறு பலரும் பங்கேற்கின்றனர். நூலுக்கு முறுக்கேற்றுவோர், சாயமிடுவோர், பாவு ஓட்டுவோர், தார் சுற்றுவோர், ஜக்கார்டு அட்டைகளில் துளையிடுவோர், தறியைப் பழுது பார்ப்போர் எனப் பணிகள் பிரிந்துள்ளன. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் இவர்கள் அருகருகே வாழ்கின்றனர். தறி பழுதானால் அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ ஆள் கிடைப்பது மார்ஷல் குறிப்பிட்ட இரண்டாவது நன்மையாகும்.

மூன்றாவது நன்மைக்குக் கோர்வை நெசவு சிறந்த சான்று. இதில் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிற ஊடை நூல்களால் நெய்யப்பட்டு, இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இதற்கு மூன்று நாடாக்களும், தறியில் நெசவாளருடன் அமரும் ஒரு துணையாளும் தேவை. இம்முறை ஏட்டின் வழியாக அல்லாமல் தறியில் அமர்ந்தே கற்கப்படுகின்றது. முற்காலத்தில் துணையாள் இடத்தில் சிறுவர்களே பெரிதும் அமர்த்தப்பட்டனர். குழந்தை உழைப்பு குறைந்து பள்ளிக்கல்வி பரவியது சமூகத்துக்கு நன்மையாக அமைந்தது. ஆயினும், தொழில் கற்றுக்கொடுக்கப்பட்ட பழைய வழி அதனால் அடைபட்டது.

நிறுவனங்களும் சட்டங்களும்

திரட்சியைத் தாங்குவதில் நிறுவனங்களுக்கும் பங்குண்டு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், 1935 இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ், 1971 இல் காஞ்சிபுரத்தில் நிறுவப்பட்ட தமிழ்நாடு சரிகை நிறுவனம் ஆகியவை குறிப்பிடத்தக்கன. சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கும் நடுவண் அரசின் சட்டம் 1985 இல் இயற்றப்பட்டது. காஞ்சிபுரம் பட்டு 2005 இல் புவிசார் குறியீடு பெற்றது. இக்குறியீடு ஊரின் பெயரைப் போலிகளிடமிருந்து காக்கின்றது. நெசவாளரின் கூலியை அது நிர்ணயிப்பதில்லை.

உலகப் பொருளாதாரத்துடன் தொடர்பு

உலகில் மிகுதியாகப் பட்டு உற்பத்தி செய்யும் நாடு சீனா. இந்தியா இரண்டாமிடத்தில் உள்ளது. சீனப் பட்டின் விலையும் அதன் மீதான இறக்குமதி வரியும் இந்தியச் சந்தையில் நூல் விலையைப் பாதிக்கின்றன. சரிகையில் வெள்ளியும் பொன்னும் சேர்வதால், அவற்றின் உலகச் சந்தை விலையும் சேலையின் விலையில் எதிரொலிக்கின்றது.

இத்தாலியின் கோமோ நகரமும் ஒரு பட்டுத் திரட்சியே. அங்கு வெளிநாட்டுப் பட்டை, குறிப்பாகச் சீனப் பட்டைக் கொண்டே சாயமிடல், அச்சிடல், வடிவமைப்பு ஆகியன நடைபெறுகின்றன. மூலப்பொருள் இல்லாமலும் திறனால் தொழில் நிலைக்கலாம் என்பதற்கு இது மற்றொரு சான்று.

நெடுஞ்சாலையும் இடம்பெயரும் உழைப்பும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகில் திருப்புட்குழி அமைந்துள்ளது. இது விசயராகவப் பெருமாள் கோயில் கொண்ட திவ்விய தேசமாகும். இதே நெடுஞ்சாலையில் கிழக்கே, இருங்காட்டுக்கோட்டையிலும் திருப்பெரும்புதூரிலும் மற்றொரு வகைத் திரட்சி உருவானது. ஹூண்டாய் ஆலை 1998 இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. துறைமுகமும் நெடுஞ்சாலையும் அரசுச் சலுகைகளும் இவ்வகை ஆலைகளை ஈர்த்தன.

மாதச் சம்பளம் தரும் ஆலை வேலை, நெய்த அளவுக்கே கூலி தரும் தறியைவிட இளைஞர்களை எளிதில் ஈர்க்கின்றது. ஆனால் இவ்வாலைகள் எளிதில் இடம் மாறக்கூடியவையும் ஆகும். திருப்பெரும்புதூரில் 2006 இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 இல் உற்பத்தியை நிறுத்தியது.

தொழில் நிலைமம்

ஓரிடத்தில் தொழில் தோன்றக் காரணமானவை மறைந்த பின்னும் அத்தொழில் அங்கேயே நீடிப்பது தொழில் நிலைமம் எனப்படும். பெரிய ஆலைகளில் இயந்திரங்களிலும் கட்டடங்களிலும் இட்ட முதலீடு நிலைமத்தைத் தருகின்றது. காஞ்சிபுரத்தில் அது மனிதர்களின் கையில் உள்ளது. தறியை மீண்டும் செய்துகொள்ளலாம். கோர்வை நெய்யும் தலைமுறை ஒன்று விடுபட்டால் அதனை வெளியூரிலிருந்து தருவிக்க இயலாது. எனவே இத்தகைய திரட்சியின் வலிமையை அளக்கும்போது தறிகளின் எண்ணிக்கையுடன், தொழிலைப் புதிதாகக் கற்போரின் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- காஞ்சிபுரம் பட்டு
- புவிசார் குறியீடு
- கைத்தறி நெசவு
- திருப்புட்குழி