போட் மெயில் தடத்தில் சைக்கிள்: புதுக்கோட்டை வழியே ஒரு வரலாறு

சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு எல்லை கடந்து இன்னொரு நாட்டில் இறங்கி ஓட்டுவது ஐரோப்பாவில் இன்று வழக்கமான பயண முறை. தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு காலத்தில் ரயிலும் கப்பலும் இணைந்த ஒரே பயணமாக இலங்கைக்குச் செல்ல முடிந்தது. சென்னை எழும்பூரில் கொழும்புக்கு டிக்கெட் எடுக்கலாம். 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்த அந்தப் பயணத்துக்கு உதவிய இருப்புப்பாதைகளுள் ஒன்று புதுக்கோட்டை வழியே செல்கிறது. பின்னாளில் சைக்கிளால் நாடறிந்த மாவட்டமும் புதுக்கோட்டையே. இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

தடம் உருவான கதை

தொடக்கத்தில் இலங்கை செல்வோர் ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பலேறிக் கொழும்பை அடைந்தனர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி சுமார் 35 கி.மீ. மட்டுமே. நீண்ட கடற்பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

1929-30இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குத் தென்னிந்திய ரயில்வேயின் புதிய தடம் திறக்கப்பட்டது. சுமார் 150 கி.மீ. நீளமுள்ள இத்தடம், மதுரையைச் சுற்றாமல் இராமேசுவரம் பக்கம் செல்ல வழி தந்தது. அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். அது 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று.

இந்த வட்டாரத்துக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு ரயிலுக்கு முந்தியது. மலையகத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே ஆள் சேர்க்கப்பட்ட பகுதிகளில் புதுக்கோட்டையும் ஒன்று. இராயவரம், கோனாப்பட்டு போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்து வணிகத்துக்காகக் கடல் கடந்தோரும் பலர். தோட்டத் தொழிலாளி மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனையும் தங்கலும் முடித்தே கப்பலேற முடிந்தது. தடம் ஒன்றுதான், அதில் ஏறியவர்களின் பயணம் ஒன்றல்ல.

கைமாறிச் சென்ற சுமை

சைக்கிள் அன்று இறக்குமதிப் பொருள். ராலே, பிஎஸ்ஏ, ஹெர்குலஸ் என்று இங்கிலாந்துப் பெயர்களே ஊரில் பேசப்பட்டன. 1949இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கி, சென்னை அம்பத்தூரில் ஹெர்குலஸ் வண்டிகளைச் செய்யத் தொடங்கிய பிறகே இந்தப் பெயர்களில் சில உள்ளூர் உற்பத்தியாயின.

ரயிலில் சைக்கிளைப் பயணிகள் பெட்டிக்குள் கொண்டுபோகும் வழக்கம் இந்தியாவில் இல்லை. பயணி தன் டிக்கெட்டைக் காட்டி அதை 'லக்கேஜ்' ஆகப் பதிவு செய்தால், அவர் செல்லும் ரயிலின் பிரேக் வேனிலேயே அது போகும். டிக்கெட் இல்லாமல் அனுப்பினால் அது 'பார்சல்'. இடம் கிடைக்கும் ரயிலில் வந்து சேரும். பெயரும் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் எழுதிய சீட்டை வண்டியில் கட்டியிருக்க வேண்டும். இந்த முறை இன்றும் தொடர்கிறது.

இலங்கைப் பயணத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருந்தது. இந்தியப் பக்கத்தில் இருந்தது மீட்டர் பாதை, அதாவது 1,000 மி.மீ. அகலம். இலங்கையில் இருந்தது 1,676 மி.மீ. அகலமுள்ள அகலப்பாதை. ஆகவே ரயில் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றி அக்கரையில் ஓட்டுவது இயலாது. பிரேக் வேனில் வந்த எந்தச் சுமையும் தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கச் சோதனை கடந்து, கப்பலேறி, தலைமன்னார் துறையில் மீண்டும் இறங்கி, இன்னொரு ரயிலில் ஏற வேண்டும். சைக்கிளானாலும் டிரங்குப் பெட்டியானாலும் விதி ஒன்றே.

எல்லை கடக்கும் சைக்கிளுக்கு எங்கும் உள்ள தடைகளே இவை: ரயிலில் இடம், ரயில் மாறும் இடத்தில் ஏற்றி இறக்கும் வசதி, சுங்கம். 1878இல் இங்கிலாந்தில் தோன்றிய சைக்கிள் பயணிகள் சங்கம், பிற நாடுகளுக்குச் செல்லும் தன் உறுப்பினர்களின் வண்டிகளுக்குச் சுங்கச் சலுகை பெற்றுத் தந்தது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று.

அறுந்த பாதை

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. இரண்டு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது.

பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 'ராமானுஜம்' கப்பலில் தாயகம் திரும்பியோர் வந்திறங்கினர். முன்னோர் பிழைப்புத் தேடிப் போன வழியிலேயே, வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகள் திரும்பினர். 1980களின் முதற்பாதியில், இலங்கைப் போரின் தொடக்கக் காலத்தில், இந்தக் கப்பலும் நின்றது. புதுக்கோட்டை வழியான தடம் உள்நாட்டுத் தடமாகச் சுருங்கியது.

பெண்களும் சைக்கிளும்

அடுத்த பத்தாண்டில் இம்மாவட்டத்தின் பெயர் வேறொரு காரணத்தால் வெளியே தெரிந்தது. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கற்பிக்கும் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பேருந்து வராத ஊர்கள் பல. சைக்கிள் அங்கே ஆடம்பரமாக அல்ல, தேவையாக நுழைந்தது. பயிற்சிக்கென்று முத்து பாஸ்கரன் எழுதிய பாட்டு ஊரெங்கும் பரவியது.

1992 மகளிர் தினத்தில் சுமார் 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகரத் தெருக்களில் சைக்கிளில் அணிவகுத்தனர். பதினெட்டு மாதங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். குழந்தையை உட்கார வைக்க அந்தப் பார் உதவியது. குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பலரும் ஓட்டினர். தண்ணீர்க் குடம், விளைபொருள், பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறின. பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விட வேண்டும் என்ற நிலையும் குறைந்தது. வெறும் கேலியாகத் தொடங்கிய பேச்சு, நாளடைவில் பழகிய காட்சியாக மாறியது.

2001-02இல் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி தரத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் விரிவாக்கப்பட்டது.

நிலைய வாசலில் நிற்கும் வண்டி

சைக்கிள் தந்த இந்த விடுதலை ரயில் நிலைய வாசலில் நின்றுவிடுகிறது. கிராமத்திலிருந்து பத்து கிலோமீட்டர் மிதித்து வருபவர், வண்டியை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு ரயிலேறுகிறார். இறங்கும் ஊரில் மறுபடி நடையோ ஆட்டோவோதான். பார்சல் அலுவலகம் பெரிய நிலையங்களில் மட்டுமே இருக்கிறது. ரயில் ஓரிரு நிமிடமே நிற்கும் சிறிய நிலையத்தில் பிரேக் வேனில் வண்டி ஏற்றுவது எளிதல்ல. நாள்தோறும் வேலைக்குப் போகிறவருக்கு லக்கேஜ் பதிவு என்பது நடைமுறையில் உதவாத வழி.

பிற நாடுகள் இதை வேறு விதமாகத் தீர்த்துள்ளன. டென்மார்க்கில் கோபன்ஹேகன் புறநகர் ரயில்களில் 2010 முதல் சைக்கிளுக்குக் கட்டணமில்லை. ஜப்பானில் சைக்கிளைப் பிரித்துப் பையிலிட்டுப் பயணிகளே உடன் எடுத்துச் செல்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு ரயில் பயணியர் உரிமை விதிகளின்படி, 2025 ஜூன் 7 முதல் புதிதாக வாங்கும் ரயில்களில் பொதுவாகக் குறைந்தது 4 சைக்கிள்களுக்கு இடம் இருக்க வேண்டும். அங்கே அது சலுகையாக அல்ல, பயணியின் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது.

இன்றைய நிலை

போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு, இராமேசுவரத்துக்கு ரயில்கள் மறுபடி செல்கின்றன. ஆனால் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான பழைய ரயில்–கப்பல் இணைப்பு இன்னும் திரும்பவில்லை.

எழும்பூரிலிருந்து புதுக்கோட்டை வழியாக இராமேசுவரம் செல்லும் இரவு ரயிலை மக்கள் இன்றும் போட் மெயில் என்றே சொல்கிறார்கள். கப்பல் நின்று நாற்பது ஆண்டுகளான பின்பும் பெயர் நிற்கிறது. அந்த இணைப்பு மீண்டும் வரும் நாளில், பிரேக் வேனின் ஓர் ஓரத்தில் நான்கு சைக்கிள்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்லும் தகுதி புதுக்கோட்டைக்கு உண்டு.