மனத்தை அளக்கும் கல்வி

உளவியல் என்றாலே பைத்தியம் தெளிவிக்கும் படிப்பு என்று எண்ணுவோர் கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலும் உண்டு. மகள் அதைப் படிக்க விரும்பினால் பெற்றோர் தயங்குகிறார்கள். அதன் வரலாறோ வேறுவிதம்.

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஓசை காதில் விழுந்ததும் கை அசைய எவ்வளவு நேரமாகிறது என்று அங்கே அளந்தார்கள். பெரட்டு மணி கேட்டு எழுந்த நம் பாட்டன்மாருக்கு அது பழகிய செயல்தானே!

இந்தியாவில் இக்கல்வி 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1924இல் மைசூரிலும் தனித்துறையாயிற்று. மைசூர்த் துறையைத் தொடங்கிய பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி, 1935இல் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் நிறுவி 'ஆகாசவாணி' எனப் பெயரிட்டார். பின்னர் அகில இந்திய வானொலியும் அப்பெயரை ஏற்றது.

மலேசியாவின் முதல் உளவியல் துறை 1979இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது. அது நமது சிலாங்கூரில், பாங்கியில் உள்ளது. லைப்சிக்கிலிருந்து நம் மாநிலத்துக்கு வர நூறாண்டு பிடித்தது. இன்று சிறிய கல்லூரிகளிலும் இப்பட்டப்படிப்பு உண்டு.

ஆகவே பெற்றோர்களே, பெயரைக் கேட்டு அஞ்சாதீர்கள். அதில் என்ன பாடம் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.